வாய்க்காலும் வயலும்: இதயத்தசையின் குருதியோட்டத்தைத் தமிழில் சொல்லுதல்



அழைப்பிதழைப் பார்த்த என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, எழுத்தையும் சொல்லையும் விட்டுவிட்டு இதயத்துக்குப் போய்விட்டீர்களே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் வேற்றுமையையும் வினையையும் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன். இன்று பேசப்போவதும் சொல்லைப் பற்றித்தான். 'முன்' என்னும் ஒரு சிறிய சொல்லுருபு, ஒரு மூதாட்டியின் இதயப் பரிசோதனையை வீணாக்கிய வரலாறு அது. அந்த மூதாட்டி என் அக்கா. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்கு அப்போது வயது எழுபத்திரண்டு. கோயில் படியேறும்போது நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். பிறகு அவரே, "வாயுவாத்தான் இருக்கும் தம்பி" என்று முடித்துக்கொண்டார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. நடந்தது எங்கும் நடக்கக்கூடியது. முதலில் எடுத்த சிடி ஸ்கேனில், இதயத்தைச் சுற்றி ஓடும் தமனிகளில் ஒன்று ஏறத்தாழ 60 விழுக்காடு குறுகியிருப்பது தெரிந்தது. "குறுக்கம் இருக்கிறது, ஆனால் அதனால் இதயத்தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பது இந்தப் படத்தில் தெரியாது. அதற்கு இன்னொரு சோதனை எடுக்க வேண்டும்" என்றார் மருத்துவர். தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் கொடுத்தார்கள்.

தமிழில் தாள் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதைப் படித்தபின் மகிழ்ச்சி குறைந்தது. அந்தச் சோதனையின் பெயர் 'மன அழுத்த ஊடுருவல் சோதனை' என்று அதில் இருந்தது. அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு மனசுல என்ன அழுத்தம்? பிள்ளைங்க நல்லாத்தானே பாத்துக்கிறாங்க. அந்த டாக்டர்கிட்ட நீ ஏதாச்சும் சொன்னியா?" என்று கேட்டார். இதைக் கேட்டுச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லால் சோதனைக்கே வரமாட்டேன் என்று சொன்ன முதியவர்கள் இருந்திருப்பார்களோ என்று பிறகு நினைத்துப் பார்த்தேன்.

அந்தச் சோதனை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டுச் சொற்களுக்கு வருகிறேன். பொருள் தெரியாமல் சொல் ஆக்குவதுதான் நம் கலைச்சொல்லாக்கத்தின் பழைய நோய்.

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக சிடி முறையில் படமெடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியாளர். இத்துறைக்கான கணித அடிப்படையைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மாக்குடன் 1979இல் அவர் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஊடுகதிர்க் குழாய் உடலைச் சுற்றி வருகிறது. மறுபுறம் வந்து சேரும் கதிரின் அளவைக் கணினி கூட்டிக் கழித்து, உடலை நுங்கு சீவுவதுபோல் சீவிச் சீவிக் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. அந்த அளவைக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தலை அசையாது கிடக்கும், இதயம் கிடக்காது. தொடக்கக் காலக் கருவிக்கு ஒரு சீவல் எடுக்கவே பல நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் இதயம் சில நூறு முறை துடித்திருக்கும். ஆகவே இதயத்தைப் படமெடுக்கக் கருவி வேகம் பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கருவி ஒரு சுற்றை ஏறத்தாழக் கால் நொடியில் முடிக்கிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள 320 உணரி வரிசைகள் கொண்ட கருவி, 16 சென்டிமீட்டர் உயரத்தை ஒரே சுற்றில் பிடித்துவிடும். முழு இதயமும் அதற்குள் அடங்கும்.

இதயத்தின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. அதன் அறைகளில் எந்நேரமும் குருதி நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குருதியிலிருந்து இதயத்தசை தன் தேவையைப் பெற்றுக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து இரண்டு தமனிகள் கிளைத்து, இதயத்தின் வெளிப்புறத்தில் முடிபோல் படர்ந்து, அங்கிருந்து கிளைகளை உள்நோக்கி அனுப்புகின்றன. குருதி வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. ஆகவே அறையை ஒட்டிய உட்படலத்துத் தசைதான் கடைசியில் இருக்கிறது. அருகிலேயே குருதி ததும்பி நிற்க, பற்றாக்குறை வந்தால் முதலில் வாடுவது அந்த உட்பகுதிதான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்த சொல் 'கடைமடை'. ஆற்றுப் பாசனம் தெரிந்த ஊர்களில் தலைமடை, கடைமடை என்பார்கள். வாய்க்காலில் நீர் குறைந்தால் தலைமடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. காய்வது கடைமடை வயல். நம் தீவில் வயல் இல்லை, வாய்க்காலும் கான்கிரீட்டால் ஆனது. அதனால் இங்குள்ள இளைஞர்களுக்கு வேறொன்று சொல்கிறேன். வீவக அடுக்குமாடியில் நீரழுத்தம் குறையும் நாளில் எந்த மாடிக் குழாய் முதலில் இளைக்கிறது என்று மேல்மாடியில் குடியிருப்பவரைக் கேளுங்கள்.

இப்போது அக்காவின் முதற்படம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பது விளங்கும். அது வாய்க்காலைக் காட்டியது. ஓரிடத்தில் கரை சரிந்து வாய்க்கால் குறுகியிருப்பதையும் காட்டியது. வயலில் ஈரம் இருக்கிறதா என்பதைக் காட்டவில்லை. குறுகிய வாய்க்காலும் வயலுக்குப் போதிய நீரைக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அடித்தளம் இட்டது 1974இல் லான்ஸ் கூல்ட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு. நாய்களின் இதயத்தமனியைப் படிப்படியாக இறுக்கிப் பார்த்தார்கள். ஓய்வு நிலையில், தமனி ஏறத்தாழ 85 விழுக்காடு குறுகும்வரை குருதியோட்டம் குறையவே இல்லை. ஆனால் மருந்து செலுத்தி ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனபோது, பாதியளவு குறுக்கத்திலேயே குறை வெளிப்பட்டுவிட்டது. காரணம் எளியது. மேலே வாய்க்கால் குறுகினால், கீழே உள்ள நுண்மதகுகள் தாமே அகலத் திறந்து ஈடுகட்டுகின்றன. நலமான தசை தேவைப்படும்போது தன் குருதியோட்டத்தை மூன்று நான்கு மடங்கு கூட்டிக்கொள்ளும். குறுக்கத்துக்குக் கீழுள்ள தசையோ ஏற்கெனவே தன் மதகுகளைத் திறந்துவிட்டது. இனித் திறக்க அதனிடம் கையிருப்பு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். படியேறும்போது வேறுபாடு தெரியும்.

ஆகவே சோதனையில் அடினோசின் என்னும் மருந்தை நரம்பில் செலுத்தி எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. சில நிமிடங்கள் முகம் சிவக்கும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், நெஞ்சு இறுகும். மருந்தை நிறுத்தியதும் விரைவில் அடங்கிவிடும். குருதியில் அதன் ஆயுள் சில நொடிகளே. அந்த நிலையில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். அயோடின் ஊடுகதிரை மறிப்பதால், குருதி நன்றாகச் சென்ற தசை படத்தில் வெளிச்சமாகவும், குறைவாகச் சென்ற தசை மங்கலாகவும் தெரியும். ஓய்வு நிலையிலும் ஒரு படம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். மருந்து நிலையில் மட்டும் மங்கினால் அந்தத் தசை வாடுகிறது, காப்பாற்றலாம். இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் அது முன்பே மடிந்து வடுவாகிவிட்ட தசை.

சரியான கணத்தில் ஒரே ஒரு படம் எடுப்பது ஒரு முறை. ஏறத்தாழ அரை நிமிடம் தொடர்ந்து பல படங்கள் எடுத்து, அயோடின் ஏறி இறங்கும் வேகத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் குருதி செல்கிறது என்று கணக்கிடுவது இன்னொரு முறை. பின்னதில் எண் கிடைக்கும், கதிர்வீச்சும் கூடும். இரண்டிலும் ஏமாற்றங்கள் உண்டு. இதய அறையில் செறிந்திருக்கும் அயோடின், கதிரின் இயல்பை மாற்றி, நலமான தசையிலும் ஒரு பொய்க் கருமையைத் தோற்றுவிக்கும். இதயத்தின் அடிச்சுவரில் இது அடிக்கடி வருமாம். வெளிச்சமான தசைக்கும் மங்கிய தசைக்கும் உள்ள வேறுபாடே சில பத்து அலகுகள்தான் என்பதால், படத்தைப் படிப்பவருக்குத் தேர்ச்சி வேண்டும். ஒரே இருக்கையில் வாய்க்காலையும் வயலையும் பார்த்துவிட முடிவது இதன் சிறப்பு. 8 நாடுகளில் 16 மையங்களில் 381 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2014இல் வெளியாயிற்று. அந்த எட்டு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று.

இனி என் துறைக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் இதன் பெயரில் வரும் 'பெர்ஃபியூஷன்' என்னும் சொல் இலத்தீன் மூலத்தது. 'ஊடாக ஊற்றுதல்' என்பது அதன் உறுப்புப் பொருள். அகராதியை மட்டும் பார்த்து ஆக்கினால் 'ஊடுருவல்' வந்துவிடும். அக்காவின் தாளில் அதுதான் வந்திருந்தது. ஆனால் தமிழில் ஊடுருவுவது யார்? பகைவர் ஊடுருவுவர், அம்பு ஊடுருவும், நோய்க்கிருமி ஊடுருவும். நமக்குரியது, நமக்கு வேண்டியது, நம்மை ஊடுருவாது. சொற்பொருளில் இதை விழைவுச் சாயல் என்று வகுப்பில் சொல்வேன். நோயாளிக்கு அந்தக் கலைச்சொல் வேண்டியதில்லை. 'ஊடுருவல்' என்றதும் உடம்புக்குள் எதையோ குத்தி இறக்கப்போகிறார்கள் என்று அவர் அஞ்சுகிறார்.

'குருதியூட்டம்' என்றொரு சொல்லும் உண்டு. ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. தசைக்குக் குருதி உணவூட்டுகிறது என்ற கருத்து அழகியது, பிழையற்றது. எனினும் இதை நான் பத்துப் பதினைந்து முதியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் இரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்று எண்ணினர். ஒருவர், "சத்து மருந்தா?" என்று கேட்டார். 'ஊட்டச்சத்து' என்னும் வழக்கு அந்த இடத்தை முன்பே பிடித்துக்கொண்டது. அவர் மீது பிழையில்லை.

நான் இப்போது சார்ந்து நிற்பது 'குருதிப் பாய்ச்சல்' என்பதன் பக்கம். பாய்தல் தன்வினை, பாய்ச்சுதல் பிறவினை. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம். வாய்க்காலில் நீர் ஓடுகிறது, வயலில் நீர் பாய்கிறது. ஓட்டம் குழாய்க்குரியது, பாய்ச்சல் நிலத்துக்குரியது. மருத்துவர் இரண்டு சோதனைகளுக்கும் இடையில் காணும் வேறுபாட்டை உழவர் வழக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. 'பாய்ச்சல்' என்றால் புலிப் பாய்ச்சல் நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. இதயத்தைப் பற்றிப் பேசும்போது 'குருதி பாய்ந்தது' என்றால் குத்துப்பட்டதுபோலவும் தோன்றும். ஆகவே கலைச்சொல்லாக அதை வைத்துக்கொண்டு, நோயாளியிடம் 'இதயத்தசைக்கு இரத்தம் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சோதனை' என்று நீட்டிச் சொல்வதே நல்லது. ஆங்கிலம் பெயர்களை அடுக்கிக் கருத்தைக் கட்டும். தமிழுக்கு வினை வேண்டும். பெயரை நீக்கி வினையைப் போட்டதும் பாதித் தெளிவு தானே வந்துவிடும். குருதி என்னும் சொல் எனக்கு உயிர். இருந்தாலும் நோயாளியின் தாளில் இரத்தம் என்றே எழுதுவேன்.

அந்த 'மன அழுத்தம்' வந்த வழி தெரிந்ததே. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு இன்று பொதுவழக்கில் அந்த ஒரு பொருளே முந்துகிறது. 'சுமை' என்று மாற்றலாம். ஓட்டப் பட்டையில் நடக்கவைக்கும் சோதனைக்கு அது பொருந்தும். இந்தச் சோதனையில் நோயாளி படுத்தே இருக்கிறார், மருந்துதான் குழாய்களை விரிக்கிறது. ஆகவே 'விரிவுநிலைப் படம்', 'ஓய்வுநிலைப் படம்' என்று இரண்டையும் இணையாக வழங்கலாம் என்பது என் கருத்து. அயோடின் மருந்தைச் 'சாயம்' என்கிறார்கள். அது எதற்கும் நிறமேற்றுவதில்லை. பார்க்கத் தண்ணீர்போல் இருக்கும். 'துலக்குமருந்து' என்று நான் எழுதிப் பார்க்கிறேன். ஆனால் 'சாயம்' மக்களிடம் வேரூன்றிவிட்டதென்றால் நான் அதனோடு மல்லுக்கு நிற்கமாட்டேன். ஸ்கேன் என்பதோடும் அப்படியே.

மாரடைப்பு என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சொல், ஊரெல்லாம் வழங்கும் சொல். ஆனால் அதில் உள்ள 'அடைப்பு' நம் மனத்தில் குழாயை மட்டுமே நிறுத்திவிட்டது. அடைப்பு இருந்தால் நோய், எடுத்துவிட்டால் நலம் என்று எண்ணப் பழகிவிட்டோம். "60 விழுக்காடு அடைப்பு இருக்கிறது என்கிறார்கள், உடனே ஏன் எடுக்கவில்லை?" என்று அக்காவின் மகன் மருத்துவரிடம் சினந்தது இதனால்தான். வாய்க்காலுக்கு நம்மிடம் சொல் இருந்தது, வயலுக்கு இல்லை. சொல் இல்லாததால் கேள்வியும் எழவில்லை.

இப்போது அந்த 'முன்'னுக்கு வருகிறேன்.

காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடங்களை முன்னதாகப் பிடித்துக்கொள்ளும். மருந்து செலுத்தினாலும் மதகுகள் முழுமையாகத் திறவா. திறவாவிட்டால், வாடும் தசைக்கும் நலமான தசைக்கும் வேறுபாடு தெரியாமல், குறை இல்லை என்று படம் பொய் சொல்லிவிடும். அதனால்தான் 12 முதல் 24 மணி நேரம் காஃபீனைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அக்காவின் தாளில் இருந்த வாக்கியம் இது: "பரிசோதனைக்கு 24 மணி நேரத்திற்கு முன் காஃபீன் உட்கொள்ளக் கூடாது."

சோதனைக்கு முன் பணியாளர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழாக்கினேன். "அக்கா, காப்பி ஏதும் குடிச்சீங்களா?" "இல்லப்பா." சோதனை நடந்தது. வீடு திரும்பும் வழியில் அக்கா, "காலையில ஒரு தே ஹாலியா குடிச்சதோட சரி, பசி உயிர் போகுது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன். அக்கா இரண்டு விடைகள் சொன்னார். "நீ காப்பியைத்தானே கேட்ட? அது காப்பி இல்லையே." இது என் பிழை, காஃபீன் என்பதைக் காப்பி என்று சுருக்கியவன் நான். இரண்டாவது விடைதான் என்னை உறங்கவிடவில்லை. தாளை எடுத்துக் காட்டி, "இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னாலதானே கூடாதுன்னு போட்டிருக்கு? நான் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாலதான் குடிச்சேன்" என்றார்.

வாக்கியத்தை மீண்டும் படித்துப் பார்த்தேன். அக்கா படித்தது இலக்கணப்படி சரி. '10 மணிக்கு முன் வரக் கூடாது' என்றால் 10 மணிக்குப் பின் வரலாம். '24 மணி நேரத்திற்கு முன் கூடாது' என்றால் அந்த எல்லைக்குப் பின்? தமிழில் 'முன்' ஒரு புள்ளியைக் குறிக்கும். அந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் பார்ப்பது என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். மருத்துவம் தெரிந்தவர் உள்நோக்கி ஊகிக்கிறார். அக்கா வெளிநோக்கி ஊகித்தார். முப்பத்தைந்து ஆண்டு இந்த உருபுகளைக் கற்பித்த நான், அதே தாளை மூன்று முறை படித்தும் இந்த இரட்டைப் பொருளைக் காணவில்லை. எனக்குத்தான் விடை முன்பே தெரியுமே.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். குறை ஏதும் இல்லை என்ற அறிக்கை அதற்குள் எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் அதை ஒதுக்கிவைத்து, மூன்று வாரம் கழித்து மறுசோதனைக்கு நாள் கொடுத்தார். மீண்டும் ஊசி, மீண்டும் துலக்குமருந்து, மீண்டும் கதிர்வீச்சு. இம்முறை, விரிவுநிலைப் படத்தில் இதயத்தின் முன்சுவரில், உட்படலத்தை ஒட்டி, ஒரு மங்கிய பிறை தெரிந்தது. ஓய்வுநிலைப் படத்தில் அது இல்லை. கடைமடை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் அந்தத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அக்கா இப்போது நலம். இன்று முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் பிறகு கேட்பார்.

அந்த இரண்டாம் சோதனையின்போது வேறு இரண்டைக் கவனித்தேன். படமெடுக்கும்போது மூச்சை நிறுத்திவைக்க வேண்டும். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அன்போடு, "பாட்டி, மூச்சை அடக்குங்க" என்றார். அக்காவின் முகம் மாறியது. நம் வழக்கில் மூச்சு அடங்குவது இறந்தவருக்கு. அடக்கு, அடங்கு என்னும் வேறுபாடு படுக்கையில் கிடப்பவரின் காதில் நிற்காது. அடுத்த அறையிலிருந்து யாரோ மலாயில் "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்றதும் அக்கா உடனே செய்துவிட்டார். அந்தத் தலைமுறைக்கு மலாய் அடுப்பங்கரை மொழிதானே. 'மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். விடச் சொல்லும்வரை பிடித்திருங்கள்' என்று தமிழில் சொன்னால் போதும்.

மற்றொன்று அவர் என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னது. துலக்குமருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் கழிந்துவிட்டாற்போன்ற உணர்வு பலருக்கு வரும். உண்மையில் கழிவதில்லை. முதல் சோதனையில் அக்காவுக்கு இது தெரியாது. தன்னை அசிங்கப்படுத்திக்கொண்டுவிட்டதாக எண்ணி, எழ மறுத்து, யாரிடமும் சொல்லாமல் கூசிக் கிடந்திருக்கிறார். ஆங்கிலத் தாளில் இது ஒரு வரியாக இருந்தது. தமிழாக்கியவர் நாகரிகம் கருதி விட்டுவிட்டார் போலும். இங்கு இடக்கரடக்கல் வேண்டியதுதான், விட்டுவிடல் வேண்டியதில்லை. இவை இரண்டும் வெவ்வேறு.

இந்த வேலை நம்மிடம் புதியதும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியியல் என்று நூல்களைத் தமிழாக்கி, சொற்பட்டியல்களும் அச்சிட்டார். அவருடைய சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு, அங்கேயே மறுத்துக் கேள்வி கேட்க மாணவரும் நோயாளியும் எதிரில் இருந்தார்கள். நம்முடைய தாள்களோ மேசையில் பிறந்து அச்சகத்துக்குப் போகின்றன. நடுவில் ஓர் அக்கா இல்லை.

அதனால் நான் ஒரு தாள் எழுதினேன். அதன் ஒரு பகுதியை மட்டும் படிக்கிறேன்.

"உங்கள் சோதனை புதன்கிழமை காலை 10 மணிக்கு. செவ்வாய்க்கிழமை காலை 10 மணியிலிருந்து சோதனை முடியும்வரை காப்பி, தேநீர், கோலா, சாக்லேட், மைலோ எதுவும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள். பால் விட்டதும் விடாததும் இஞ்சி போட்டதும் தேநீர்தான். தண்ணீர் குடிக்கலாம். மறந்து குடித்துவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். கோபிக்கமாட்டோம், வேறு நாள் தருவோம்."

இதில் 24 என்னும் எண் இல்லை, 'முன்' இல்லை, காஃபீனும் இல்லை. கிழமையையும் நேரத்தையும் ஒவ்வொருவருக்கும் தாதி கையால் நிரப்ப வேண்டும். அதற்கு நேரமில்லை என்பார்கள். மறுசோதனைக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று.

எழுதி முடித்து அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு, "அப்போ தலைவலி மாத்திரை?" என்று கேட்டார். அதற்கும் இதற்கும் என்ன என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் காஃபீன் 65 மில்லிகிராம் என்று பொடியெழுத்தில் இருந்தது.

அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். தாளின் படிகள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் பென்சிலும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டு முதியவரிடம் கொடுங்கள். அவர் என்ன கேட்கிறாரோ அதை அப்படியே ஓரத்தில் எழுதி மன்றத்துக்கு அனுப்புங்கள். இப்போது கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம்.